ஆதம்பாக்கத்தில் ஓர் ஆகாயவாசி

"மாமா! நீங்க பத்திரிகையிலேதானே வேலை பார்க்கறீங்க? உடனே புறப்பட்டு வாங்க. எங்க ஊர் ஏரியிலே வேற்றுக் கிரகத்து ஆளுங்க இறங்கியிருக்காங்க!"

டெலிபோனில் இந்தச் செய்தியைத் தந்த நிருபர் என் அக்காவின் சீமந்த புத்திரன். வயது பத்து. ஆதம்பாக்கத்தில் வாசம்.

"எத்தனை பேர்?" என்று உத்தியோக தோரணையில் கேட்டேன்.

"எண்ண முடியலை, மாமா. நேத்து இருந்ததைவிட இன்னிக்கு ஜாஸ்தி. நாளைக்கு இன்னும் ஜாஸ்தியாயிடும்."

"சண்டைக்கு வந்திருக்கிறார்களா, சமாதானத்துக்கா?"

பையன் சற்று யோசித்தான். "அதுதான் தெரியலை, மாமா. அது தெரிஞ்சாத்தான் கதையை முடிக்க முடியும்."

அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் ஒரு கதை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பையன் வேற்றுக் கிரகத்து ஜீவராசி ஒன்றைச் சிருஷ்டித்துவிட்டான். சிருஷ்டித்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடுகிறான். பிரம்மாவுக்கே உள்ள கஷ்டம் அது. பத்து வயதுப் பையனைக் குறை சொல்வானேன்?

ஆசிரியரிடம் சொன்னேன். "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படியே ஆதம்பாக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பட்டணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்திலேயே முழுகிக் கிடக்கிறார்கள்" என்றார்.

மலைக்குக் கிழக்கே

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால், சரித்திரம் மேற்கே போகிறது; ஜனங்கள் கிழக்கே போகிறார்கள். மேற்கே மலை. அதன் மேல் 1523-இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய மாதா கோயில். அடிவாரத்தில் பழைய ராணுவக் குடியிருப்பு. கிழக்கே ஆதம்பாக்கம். இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், இருப்பதெல்லாம் மனிதர்கள்தான். இட்லி மாவுக் கடை, தையல் கடை, டியூஷன் சென்டர், செருப்புத் தைப்பவர், மறுபடியும் இட்லி மாவுக் கடை. இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவரை ஒருவர் குசலம் விசாரிக்காமல் தாண்ட முடியாத சந்துகள். தலைக்கு மேலே, மீனம்பாக்கத்துக்கு இறங்கும் ஆகாய விமானங்கள்.

ஆனாலும் சரித்திரம் இந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறது. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்தியாவையே அளந்து முடிக்கும் பெரு முயற்சியைத் தொடங்கினார். அதற்கு முதல் கோடு போட்ட இடம் இந்த வட்டாரம்தான். பரங்கிமலைக்கு அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல் தூரம், சங்கிலி பிடித்து அளந்தார். அப்படி அளப்பதற்கு மேடு பள்ளம் இல்லாத சமதரை வேண்டும். இந்தப் பக்கம் அது தாராளமாகக் கிடைத்தது.

அளப்பவருக்குச் சௌகரியமான சமதரை, மழைத் தண்ணீருக்குச் சங்கடம். எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது. அதற்கு வழி காட்டத்தான் முன்னோர்கள் ஏரிகளை வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால்வாய் விட்டார்கள். ஆதம்பாக்கம் ஏரி நிரம்பினால், உபரி நீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். நெய்தல் நிலத்து ஊருக்குப் 'பாக்கம்' என்று பெயர். தண்ணீரோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது.

சுவரில் ஒரு கோடு

அக்கா வீட்டுக் கூடத்தில், இடுப்பளவு உயரத்தில், சுவரில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற மட்டம். கைக்குழந்தையாக இருந்த நமது கதாசிரியனைத் தொட்டிலோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. அத்தான் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் வரை வந்த தண்ணீருக்குக் கீழே இன்னொரு கோடு. பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரின் உயரத்தைக் குறித்து வைப்பவர் இவர்தான்.

"வித்துட்டுப் போயிடலாமான்னு இவர் கேட்கிறார்" என்றாள் அக்கா, காப்பியை ஆற்றிக்கொண்டே. "எங்கே போறது? மேட்டு நிலம் நமக்கு என்ன விலைக்குக் கிடைக்கும்?"

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி நெருங்கிவிட்டால் அவர் அதிகம் பேசமாட்டாராம்.

பையன் நோட்டுப் புத்தகத்துடன் காத்திருந்தான். அவன் சிருஷ்டித்த ஜீவராசியின் பெயர் 'பச்சையர்'. அவர்களின் குண விசேஷங்களை அவன் எழுதியபடியே தருகிறேன்:

பச்சையருக்கு மண் வேண்டாம், தண்ணீரில் மிதப்பார்கள். நாம் வேண்டாம் என்று எறிவதெல்லாம் அவர்களுக்குச் சாப்பாடு. இரண்டு வாரத்தில் ஒருவர் இருவர் ஆகிவிடுவார். கையை வெட்டினால் கை இன்னொரு பச்சையர் ஆகிவிடும். தலையில் ஊதா நிறக் கிரீடம் உண்டு. அழகாக இருப்பதால் மனிதர்கள் முதலில் ஏமாந்து போனார்கள்.

"எங்கேயடா பார்த்தாய் இவர்களை?"

"வாங்க, காட்டறேன்."

ஏரிக்கரையில்

ஏரியின் ஒரு கோடியில் அவர்கள் இருந்தார்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல நெருக்கமாக, தோளோடு தோள் உரச, ஆயிரக்கணக்கில். அங்கங்கே ஊதாப் பூங்கொத்து. ஒவ்வொரு பூவின் மேல் இதழிலும் மயிற்கண் போல ஒரு மஞ்சள் பொட்டு. ஆகாயத்தாமரை!

பையனின் கற்பனையில் பொய் ஒன்றுமே இல்லை. இந்தச் செடியின் தண்டு வெங்காயம் போல உப்பி, உள்ளே காற்று நிரம்பியிருப்பதால் மிதக்கிறது; வெங்காயத்தாமரை என்றும் பெயர் உண்டு. பக்கவாட்டில் தண்டு ஓட்டி, அதன் நுனியில் குட்டிச் செடி விடுகிறது. வெயிலும் எருச் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். துண்டுபட்டு மிதந்து போன பகுதியும் போன இடத்தில் குடும்பம் நடத்தும். விதைகள் பதினைந்து வருஷத்துக்கு மேலும் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, பிறகு முளைக்க வல்லவை.

பெயரிலும் ஒரு வேடிக்கை. நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள், உலகத்தில் இல்லவே இல்லாத வஸ்துவுக்கு உதாரணமாக முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் சொல்வார்கள். வைத்தியச் சுவடிகள் ஆகாயத்தாமரை என்று சொல்வது வேறொரு மிதக்கும் பூண்டை. முட்டைக்கோசுக் குட்டி போல இருக்கும். அந்தப் பெயரை இந்தப் புதிய விருந்தாளி எடுத்துக்கொண்டுவிட்டது. இல்லாத பொருளின் பெயரோடு வந்து, எங்கும் நிறைந்துவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்பது!

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவில் அமேசான் நதிப் பிரதேசம். பூவின் அழகில் மயங்கிய மனிதர்களே தோட்டத்துக்குத் தோட்டம், தேசத்துக்குத் தேசம் எடுத்துப் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. சில பத்து வருஷங்களில் ஓடம் போக வழியில்லாமல், நெல் வயலில் புகுந்து, மீனுக்குக் காற்று இல்லாமல் செய்து, 'வங்காளத்தின் பயங்கரம்' என்று பட்டம் வாங்கிற்று. 1936-இல் அதற்கென்றே வங்காளத்தில் ஒரு தனிச் சட்டம். செடியை வளர்க்கக் கூடாது. அகற்றுவதற்கு ஜனங்கள் ஒத்துழைக்க வேண்டும். ஒரு பூச்செடிக்கு விரோதமாகச் சட்டம் போட நேர்ந்ததென்றால் அதன் பிரதாபத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அப்படீன்னா இவங்க கெட்டவங்கதானே, மாமா?" என்றான் பையன்.

பதில் என்னிடமிருந்து வரவில்லை. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பினார். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியில் நாலைந்து ஜிலேபிக் கெண்டைகள்.

"இதுவும் வெளியூர் மீன்தான், தம்பி" என்றார். "ஆனா குழம்புக்கு நல்லாத்தானே இருக்கு?"

பெரியவர் சொன்னது வாஸ்தவம். ஜிலேபிக் கெண்டையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மலிவான மீன் கிடைத்தது; நம் நாட்டு மீன் சிலவற்றுக்கு இருப்பிடம் சுருங்கிற்று. இரண்டும் நிஜம்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் நம் சமையலறையே அந்நியர் முகாம்தான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி எல்லாம் கடல் கடந்து அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தக்காளி ரசத்தை விட்டுக்கொடுக்க எந்தத் தேசபக்தர் சம்மதிப்பார்? மறுபக்கம், 1870-களில் விறகுக்கும் பசுமைக்கும் என்று வரவழைத்த சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை எப்படி வளைத்துக்கொண்டது என்பதை ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எண்ணூர்ப் பக்கம் ஆற்றுப் படுகையில் 'காக்கா ஆழி' என்ற தென் அமெரிக்கச் சிப்பி பரவி, இறால் பிடிப்பவர்கள் வயிற்றில் அடித்திருக்கிறது. அந்நியர் என்ற ஒரே காரணத்தால் யாரும் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை.

நீர்யானைப் படை

"சரி, மாமா. கதையிலே அடுத்தது யுத்தம். எப்படி ஜெயிக்கிறது?"

யுத்தம் என்றதும், திரும்பி வந்து உட்கார்ந்த திண்ணையில் பாட்டிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அத்தானின் தாயார் அவர். "வேற்றுக் கிரகமா? நான் பார்த்திருக்கேனே! 'கலை அரசி'! எம்.ஜி.ஆர்., பானுமதி! மேல் உலகத்திலே பாட்டுப் பாட ஆள் இல்லைன்னு நம்பியார் இறங்கி வந்து பானுமதியைத் தூக்கிண்டு போயிடுவார்!"

1963-இல் வந்த படம். ஆகாயவாசி என்றால் ஒன்று, நம்மிடம் உள்ளதைத் தூக்கிப் போவான். அல்லது நம்மையே அழிக்க வருவான். கதைகளில் வேறு வழி கிடையாது. இங்கிலாந்தின் எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட நாவலில் செவ்வாய்க் கிரகவாசிகள் வந்து லண்டனைச் சூறையாடுகிறார்கள். அவர்களோடு கூடவே ஒரு சிவப்புப் பூண்டும் வந்து, தண்ணீர் கண்ட இடமெல்லாம் பரவி ஆறுகளை அடைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் வங்காளத்து ஆறுகளில் பச்சைப் பூண்டு ஒன்று அதே வேலையை நிஜமாகவே செய்யத் தொடங்கியிருந்தது!

கதைகளை மிஞ்சும் யோசனை ஒன்று அமெரிக்காவில் வந்தது. லூசியானா ராஜ்யத்தின் நீர்வழிகளை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டபோது, ராபர்ட் புரூசார்ட் என்ற காங்கிரஸ் அங்கத்தினர் 1910-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்ய வேண்டியது. அவை செடியைத் தின்னும். அவற்றை ஜனங்கள் தின்னலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! நல்ல வேளை, மசோதா நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், பிறகு நீர்யானையை ஒழிக்க எதை இறக்குமதி செய்வது என்று இன்றுவரை விவாதம் நடந்துகொண்டிருக்கும்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆதம்பாக்கம் ஏரியில் நீர்யானை குளிக்கும் படம் ஒன்றையும் உடனே வரைந்தான்.

உண்மையில் பலன் தந்த படை மிகச் சிறியது. அமேசானின் செடிக்கு அதே கண்டத்தில் ஒரு பரம விரோதி உண்டு: அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு மூக்கு வண்டு. வண்டு இலையைச் சுரண்டும். அதன் புழு தண்டைக் குடையும். வேறு பயிரில் வாய் வைக்காது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1982-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். சில ஆண்டுகளில் செடி சோர்ந்து சரிந்தது. வெல்ஸின் கதையிலும், செவ்வாய்க்காரர்களை வீழ்த்தியது பீரங்கி அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான்.

"அப்போ நம்ம ஏரியிலேயும் வண்டு விட்டா போதுமே!" என்றான் பையன்.

அங்கேதான் ஒரு சங்கடம். சாக்கடைச் சத்து மிகுந்த தண்ணீரில் செடி வளரும் வேகம், வண்டு தின்னும் வேகத்தை முந்திவிடும். சென்னையில் மழைக்காலத்துக்கு முன்பு, தண்ணீரிலும் தரையிலும் போகும் பெரிய இயந்திரங்களைக் கொண்டு நீர்வழிகளில் செடியை அள்ளுகிறார்கள். அது அவசியமான வேலை. இல்லாவிட்டால் மிதந்து வரும் செடி மதகிலும் பாலத்தடியிலும் அடைத்துக்கொண்டு, தண்ணீரைத் தெருப் பக்கம் திருப்பிவிடும். அதன் வேரில் ஒட்டிக்கொண்டு வளரும் கொசு இனமும் உண்டு. யானைக்கால் நோயைப் பரப்புவது அது. ஆனால் அள்ளிய இடத்தில் மறுபடியும் வருகிறதே, ஏன்?

"ஏன் வருதுன்னா, சாப்பாடு போடறோம் இல்லே?" என்றான் பையன். தன் கதையில் அவனே எழுதிவைத்த வாக்கியம் அது. எழுதும்போது அதை அவன் கவனிக்கவில்லை, இப்போது கவனித்துவிட்டான்.

கொல்லைப்புறத்துக் குழாய்

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பையன் எழுந்தான். துப்பறியும் தொடர்கதை படிக்கிற வீட்டுப் பிள்ளை அல்லவா? தெருவோரம் மழைநீர்க் கால்வாயைப் பார்த்தான். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. மழை இல்லாத நாளில் மழைநீர்க் கால்வாயில் சோப்பு நுரை ஓடுவானேன்? நுரை வரும் வழியைப் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டினான். திரும்பினான். நேராக எங்கள் அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றான்.

துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு பச்சைக் குழாய். அது சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, இது எங்கே போகுது?"

அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் பேசினாள். "பாதாளச் சாக்கடை இணைப்பிலே ஒரு தடவை அடைச்சுக்கிச்சு. தற்காலிகமா வெளியே விட்டோம். ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. மறந்தே போச்சு."

இதில் ஒரு சோகம் உண்டு. இந்த வட்டாரம் ஆலந்தூர் நகராட்சியாக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடை வேண்டுமென்று வீட்டுக்கு 5,000 ரூபாய் ஜனங்களே கட்டி, அந்தப் பணத்தையும் கடனையும் சேர்த்துத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வேலை 2000-த்தில் ஆரம்பமானது. மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம் அது. பணம் கட்டியவர்களில் பாட்டியும் ஒருவர். ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம்.

"நானும் உங்க மாமனாரும் இங்கே வந்தப்போ சுத்திலும் வயலும் தண்ணியும்தான்" என்றார் பாட்டி, யாரையும் பார்க்காமல். "திருவாரூர்ப் பக்கத்திலேருந்து ஒரு டிரங்குப் பெட்டியோட வந்து இறங்கினோம். பத்தடியிலே கிணத்துத் தண்ணி. ஏரி அப்போ எவ்வளவு பெரிசு! நாங்க வந்தோம், எங்களுக்குப் பின்னாடி நாலு பேர் வந்தாங்க, அவங்களுக்குப் பின்னாடி நாற்பது பேர். ஏரியைக் கேட்டா, யாரை வேற்றுக் கிரகத்து ஆளுன்னு சொல்லுமோ!"

கூடத்தில் யாரும் பேசவில்லை. அத்தான் எழுந்து போய் அந்தக் குழாயைக் குனிந்து பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பென்சில் கோட்டைப் பார்த்தார். ஒரே வீட்டிலிருந்து வெளியே போவதும், அதே வீட்டுக்குள் திரும்பி வருவதும் தண்ணீர்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு வீட்டுச் சோப்புத் தண்ணீரால் ஏரி கெட்டுவிடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அன்று நுரை வந்த துவாரங்களைப் பையன் எண்ணி வைத்திருந்தான். பதினொன்று.

கதை முடிந்தது

இரண்டு வாரம் கழித்து டெலிபோன்.

"மாமா, கதையை முடிச்சுட்டேன்!"

"யார் ஜெயித்தார்கள்?"

"யாரும் ஜெயிக்கலை. அப்பா பிளம்பரைக் கூப்பிட்டார். எதிர்வீட்டு அங்கிளும் அதே பிளம்பரைக் கூப்பிட்டார். பச்சையருக்குச் சாப்பாடு குறைஞ்சு போச்சு. இளைச்சுப் போய் ஒரு மூலையிலே இருக்காங்க. பூ மட்டும் பூக்குது."

"தெருவில் மீதி ஒன்பது துவாரம்?"

"அது இரண்டாம் பாகம், மாமா."

"பேஷ்! டீச்சர் என்ன சொன்னார்கள்?"

"பத்துக்கு ஆறு. சண்டையே இல்லைன்னு எழுதியிருக்காங்க" என்றான், குரலில் மனத்தாங்கலோடு.

அதற்குள் அக்கா ரிசீவரை வாங்கிக்கொண்டாள். "ஐப்பசி பொறந்தாச்சு. கீழ் அலமாரியைக் காலி பண்ணிண்டிருக்கேன். உங்க அத்தான் வீட்டை விக்கற பேச்சை இந்த மழை போகட்டும்னு தள்ளி வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து டிரங்குப் பெட்டியை மாடிக்கு ஏத்த ஒத்தாசை பண்ணு. பாட்டியோட ரசீது உள்ளே இருக்கு, நனையக் கூடாது."